பெட்டியில் ஊர்ப் பங்கு

அப்பா தன் ஆயுளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் ‘ஃபாரின் சரக்கு’ ருசி பார்த்த ஆண்களில் பெரும்பாலோருக்கு அதைச் சுமந்து வந்து கொடுத்தவர் அவர்தான். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, புதாற்றுப் பாசனத்தின் கடைமடைக் கிராமம் எங்களுடையது. மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் எங்கள் வாய்க்கால் வரை வந்து சேருமா என்பது அந்தந்த வருஷத்து அதிர்ஷ்டம். அதனால் வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து போயிருந்தார்கள். 1980-களின் பிற்பகுதியில் அப்பா சிங்கப்பூரில், ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு.

அப்பாவுக்கு லீவு கிடைத்த சேதி ஊருக்குப் பரவ நாளாகாது. பெரும்பாலும் என் மூலமாகத்தான் பரவும். வீட்டில் கடிதம் எழுதுகிறவள் நான். நீல ஏரோகிராம் தாளில் ஓரம் மடிப்பு வரை இடம் விடாமல் நுணுக்கி எழுதப் பழகியிருந்தேன். அப்பாயி திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மழை பெய்த கதை, மாடு கன்று போட்ட கதை, அத்தை வீட்டு விசேஷம் என்று நிரப்பிக்கொண்டு போவேன். அதற்குள் வாசலில் யாராவது வந்து நின்றுவிடுவார்கள்.

“பாப்பா, அப்பாவுக்கா எழுதுற? பெரிய மாமா கேட்டாருன்னு ஒரு வரி போட்டுடும்மா.”

“என்ன கேட்டீங்கன்னு எழுதணும் மாமா?”

“அவனுக்குத் தெரியும். கேட்டாருன்னு மட்டும் எழுது, போதும்.”

உள்ளே அம்மா சொம்பைச் சற்று ஓங்கியே தரையில் வைப்பாள். பெரிய மாமாவுக்கும் அந்தச் சத்தம் கேட்கும். கேட்காத மாதிரி வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டு போய்விடுவார். அவருக்குப் பிறகு சித்தப்பா வருவார். பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர் வருவார். விமான நிலையத்துக்கு எப்போதும் வாடகைக் கார் ஓட்டி வருகிற டிரைவர் அண்ணன், தெருவில் என்னைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, “அப்பாவுக்கு நம்மளை ஞாபகம் இருக்கான்னு கேட்டு எழுது தாயி” என்பார். தாளின் கடைசி மடிப்பில் இந்த ‘கேட்டார்’கள் வரிசையாக ஏறும். அம்மா சொல்ல நினைத்ததை எழுத அதற்குப் பிறகு இடம் இருக்காது.

தாத்தா காலத்தில் இந்தச் சிக்கல் இல்லையாம். தாத்தா மலாயாவுக்குப் போனதும் வந்ததும் ரஜூலா கப்பலில். 1973-க்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. சிங்கப்பூரில் ஏறினால் பினாங்கைத் தொட்டு, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ வந்து இறங்கலாம். ஆளுயரத்துக்கு மரப்பெட்டி கொண்டு வந்ததாக அப்பாயி சொல்வாள். பெட்டியைத் தூக்க ஆள் கிடைத்தால் போதும், கிலோக் கணக்குச் சொல்லி யாரும் வழிமறித்ததில்லை. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்துபோனார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்து முடிந்தது. அப்புறம் எல்லாரும் விமானம்தான். விமானத்தில் பெட்டிக்கு 20 கிலோ.

அந்த 20 கிலோவை நான் மனக்கணக்காகவே போடுவேன். சூட்கேஸின் சொந்த எடை நாலு கிலோ. ஒரு லிட்டர் விஸ்கி, கண்ணாடியோடு சேர்த்து ஒன்றரைக் கிலோ வரும். மூன்று பாட்டில் என்றால் நாலரைக் கிலோ. மிச்சம் இருக்கிற பதினொன்றரைக் கிலோவுக்குள் மைலோ டின், கோடாலித் தைலம், டைகர் பாம், டார்ச் லைட், சோப்பு, அத்தைகளுக்கு ஆளுக்கொரு சேலை, சித்தப்பாக்களுக்குக் கைலி, அப்பாயிக்குக் கம்பளி எல்லாம் அடங்க வேண்டும். இவ்வளவும் போக இடம் இருந்தால்தான் அம்மாவுக்கும் எனக்கும் தங்கைக்கும்.

சுங்கத்தில் ஒருவருக்கு ஒரு பாட்டில் அளவுக்குத்தான் வரியில்லாமல் விடுவார்கள். அப்பா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒரே விமானத்தில் ஊருக்கு வருகிற தோழர்களில், கேட்டு நச்சரிக்க ஆளில்லாத பாக்கியசாலிகள் ஓரிருவர் இருப்பார்கள். மற்ற பாட்டில்களின் கணக்கு அவர்கள் பேரில், சுமை அப்பா பெட்டியில். சாங்கி விமான நிலைய டூட்டி ஃப்ரீயில் வாங்குவது ஒன்றுதான், அது கைப்பையில் வரும். பெட்டிக்குள் போகிறவை வருஷம் முழுக்கச் சேர்த்தவை. சிங்கப்பூர் நகரக் கடைகளில் மதுவுக்கு வரி அதிகம், காசு கொடுத்து வாங்கிக் கட்டுப்படியாகாது. சீனப் புத்தாண்டுக்குத் தவுக்கே, அதாவது முதலாளி, கொடுக்கிற பிராந்தி பாட்டில், குடிக்காத தோழர்களுக்குக் கிடைத்ததைப் பாதி விலைக்கு வாங்கியது என்று விடுதிக் கட்டிலுக்கு அடியில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைப்பார்.

அவற்றை அவர் கட்டுகிற விதம் ஒரு தொழில். மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் மின்சார வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப். பிறகு, பழசாகிப் போன தன் ஓவராலின் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி, பாட்டிலை அதற்குள் தொட்டில் பிள்ளை மாதிரி இறக்கி, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டுவிடுவார். வெல்டிங் பொறி பட்டுப் பொட்டுப் பொட்டாகக் கருகிய கனத்த நீலத் துணி. பெட்டியின் நட்டநடுவில், எந்த ஓரத்தையும் தொடாமல், கம்பளிக்கும் கைலிக்கும் இடையில் படுக்க வைப்பார். எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது: மேலே ஏறினால் காற்றழுத்தம் குறைந்து பாட்டில் வெடித்துவிடும் என்று. அப்படி ஒன்றுமில்லை. பயணிகள் உட்காரும் இடத்துக்கு என்ன அழுத்தமோ, பெட்டிகள் இருக்கும் அடித்தளத்துக்கும் அதேதான். பாட்டிலை உடைப்பது வானம் அல்ல, தரையில் பெட்டியைத் தூக்கி எறிகிற கை.

கிடைக்கிறவற்றில் ஜானி வாக்கருக்கு அப்பாவிடம் தனி மதிப்பு. ருசி தெரிந்து அல்ல, பாட்டில் சதுரம் என்பதால். “உருளாது, துணியோட ஒட்டிக்கிட்டு அப்படியே கிடக்கும்” என்பார். அந்தப் பாட்டிலைச் சதுரமாக்கியது 1860-ல், வாக்கரின் மகன் அலெக்சாண்டர் என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். ஒரு பெட்டியில் அதிகம் அடுக்கலாம், வழியில் உடைவது குறையும் என்பதுதான் காரணமாம். தூரதேசத்துக்குக் கப்பலேற்றிய ஸ்காட்லாந்து வியாபாரியின் யோசனையை ஜூரோங் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவும் கண்டுபிடித்திருந்தார்.

அவரை அழைத்து வர நாங்கள் மீனம்பாக்கம் போவோம். அம்பாசிடர் காரில் அப்பாயி, அம்மா, நாங்கள் இருவர், இவர்கள் போதாதென்று பெரிய மாமா. அவர் ஏன் வருகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கம்பிக்கு வெளியே மணிக்கணக்காக நிற்போம். உள்ளே சுங்கத்தார் சந்தேகப்பட்ட பெட்டிகளின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். குறி விழுந்த பெட்டி திறந்தாக வேண்டும். அப்பா டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் பெரிய மாமாவின் கண் முதலில் போவது அப்பாவின் முகத்துக்கு அல்ல, பெட்டியில் சாக்பீஸ் இருக்கிறதா என்பதற்குத்தான்.

ஒரு லீவில் குறியும் இல்லை, கேள்வியும் இல்லை. சுலபமாக வந்துவிட்டோம் என்று கார் புறப்பட்டது. செங்கல்பட்டு தாண்டியிருக்காது, டிரைவர் அண்ணன் மூக்கை உறிஞ்சினார்.

“அண்ணே, ஒண்ணு போயிருச்சு போல.”

யாரும் பேசவில்லை. திண்டிவனத்தில் ஒரு டீக்கடை டியூப் லைட் வெளிச்சத்தில் காரை நிறுத்தி, டிக்கியிலிருந்து சூட்கேஸை இறக்கித் திறந்தார்கள். திறந்ததும் அந்த வாடை டீக்கடை பெஞ்சு வரை போயிற்று. உட்கார்ந்திருந்த லாரிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். உடைந்தது தவுக்கே கொடுத்த பிராந்தி, உருண்டைப் பாட்டில். கழுத்து ஒடிந்திருந்தது. ஓவரால் துணி கண்ணாடிச் சில்லுகளை ஒன்றுகூட வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. ஆனால் துணியால் பிராந்தியைப் பிடிக்க முடியவில்லை. கம்பளி குடித்தது போக, மிச்சம் அம்மாவின் ஜார்ஜெட் சேலை, என் ஃபிராக், தங்கையின் பாவாடைத் துணி எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது. சதுரப் பாட்டில்கள் இரண்டும் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தன. மைலோ டின்னுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

யார் யாருக்கு எது என்று பால்பாயிண்ட் பேனாவில் அப்பா எழுதி வைத்திருந்த பட்டியல் மேலாக இருந்தது. அந்த மை சாராயத்தில் கரைந்துவிடும். எல்லாப் பெயரும் கரைந்து, அப்பாவின் வெள்ளைப் பனியனில் ஒரு பெரிய ஊதாக் கறையாக இறங்கியிருந்தன. அப்பா அந்தத் தாளை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டுக் கசக்கிப் போட்டார். அம்மா குனிந்து, தன் சேலையை மட்டும் தனியே எடுத்து, ஈரத்தைப் பிழிந்து, கார் ஜன்னலில் விரித்துப் போட்டாள். ஊர் வரை அது ஜன்னலில் படபடத்துக்கொண்டே வந்தது.

பம்ப்செட் தண்ணீரில் பார் சோப்பு போட்டு எத்தனை தடவை அலசியும் என் ஃபிராக்கில் ஒரு மெல்லிய இனிப்பு வாடை தங்கிவிட்டது. அதோடு பெட்டியில் கிடந்த தைலத்தின் மணமும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். டீச்சர் பக்கத்தில் வந்து, “என்னடி, ஊசி போட்டுக்கிட்டு வந்தியா, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

உடைந்த பாட்டிலுக்கு உரியவர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. “மூணு பாட்டில்ல எனக்கு வர்றதுதான் பார்த்து உடையுமா?” என்று கேட்டார். அப்பா தங்கநிறத் தாள் ஒட்டிய அந்த ஒடிந்த கழுத்தைக் கொண்டு வந்து காட்டினார். அதை அவர் தூக்கிப் போடாததற்கு இதுதான் காரணம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த லீவு முடிவதற்குள் அதே கழுத்தை இன்னும் இரண்டு பேருக்குக் காட்டிவிட்டார். ஒரு பாட்டில் உடைந்ததில் மூன்று பேரின் மனத்தாங்கல் தீர்ந்தது.

தப்பிய பாட்டில்களுக்கு நல்ல மரியாதை. பெரிய மாமா தன்னுடையதைத் தென்னந்தோப்பு மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோய், வேண்டியவர்களை மட்டும் கூப்பிடுவார். நாங்கள் மாங்காய் பொறுக்குகிற சாக்கில் வேலியோரம் நின்று பார்ப்போம். மூடியால் அளந்து ஊற்றுவார், ஆளுக்கு இரண்டு மூடி. மேலே கோலி சோடா. தொட்டுக்கொள்ளப் பொரித்த மீன். 1987-ல் கள்ளுக்கடையும் சாராயக் கடையும் மூடப்பட்ட பிறகு, பட்டுக்கோட்டை பிராந்திக் கடைச் சரக்கும், கொல்லைப்புறத்தில் களவாகக் காய்ச்சியதும்தான் அவர்களுக்குப் பழக்கம். அந்தக் காட்டத்தில் ஊறிய நாக்குக்கு ஸ்காட்ச் என்ன சொல்லும்? ஒருவர் ஒரு மடக்கு விழுங்கிவிட்டு, “கடிக்கவே மாட்டேங்குதே மச்சான், டூப்ளிகேட்டா இருக்குமோ?” என்றார். பெரிய மாமா பாட்டிலைத் திருப்பி, லேபிளில் தொப்பி வைத்து நடந்துபோகிற வெள்ளைக்காரனைக் காட்டினார். அவன் படம் இருந்ததால் எல்லாரும் நம்பினார்கள்.

வெளிநாடு என்றால் எல்லாம் ஒரே நாடு என்றுதான் எங்கள் ஊர் நினைத்தது. என்னோடு படித்தவளின் அத்தா அதிராம்பட்டினத்துக்காரர், சவுதியில் வேலை. அவர் ஊர் வந்திருந்தபோது எங்கள் தெருக்காரர் ஒருவர் கூச்சமில்லாமல் அவரிடமே கேட்டுவிட்டார். “மாமா, நான் வேலை பாக்குற ஊர்ல அதை வச்சிருந்தாலே ஜெயிலு” என்று அவர் சிரித்தார். சவுதியிலும் குவைத்திலும் அப்போது மது அறவே கூடாது. துபாய் விமான நிலையத்தில் 1983 டிசம்பரில் டூட்டி ஃப்ரீ கடை திறந்திருந்தது உண்மைதான். ஆனால் வேறு நாட்டில் வேலை பார்ப்பவர், அதுவும் தொழுகை தவறாதவர், எதற்காக அங்கே போய் நிற்க வேண்டும்? கேட்டவருக்கு அந்த யோசனையே இல்லை. “கல்நெஞ்சக்காரன், ஒரு பாட்டிலுக்குக் கணக்குப் பாக்குறான்” என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

காலிப் பாட்டிலுக்கும் கிராக்கி. பழைய பேப்பர்காரர் உள்ளூர் பாட்டிலைவிட அதற்கு அதிகம் கொடுப்பார். வேறு சரக்கை ஊற்றி விற்கிறவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள் என்று பேச்சு. அம்மா விற்க விடமாட்டாள். கொட்டகையில் கிடந்ததை நாங்கள் கொண்டு வந்தால், வெந்நீரில் ஊறப்போட்டு, லேபிளைச் சாம்பலால் தேய்த்துச் சுரண்டி, நல்லெண்ணெய் ஊற்றி வைப்பாள். லேபிள் ஒட்டிய பாட்டிலை வீட்டுக்குள் வைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

அப்பாயிதான் நேருக்கு நேர் கேட்பாள். “ஏண்டா, குடிக்காதவன் கையால குடிக்கிறவனுக்கு வாங்கிக் குடுக்குறியே, அந்தப் பாவம் யாரைச் சேரும்?”

அப்பா ஒருநாள் பதில் சொன்னார். “காசு குடுத்தா கூலின்னு நினைச்சுக்குவாங்கம்மா. பாட்டில் குடுத்தா மதிச்சான்னு நினைப்பாங்க. ரெண்டு வருஷம் நான் இங்க இல்ல. முறைத்தண்ணி நம்ம வயலுக்குத் திரும்புறதும், ராத்திரி உனக்கு மூச்சு வாங்குனா வண்டி வர்றதும் யாரால?”

அது உண்மை. அப்பாயிக்கு இழுப்பு வந்த ராத்திரிகளில் காரை எடுத்து வந்தவர் டிரைவர் அண்ணன். வாய்க்கால் மடையில் எங்களுக்காகச் சண்டை போட்டவர் பெரிய மாமா. மோட்டார் நின்ற மறுநாளே வந்து நின்றவர் அந்த ரிப்பேர்காரர். ஆம்பளை இல்லாத வீட்டுக்கு இவர்கள் ஆம்பளையாக நின்றதற்கு அப்பா செலுத்திய கட்டணம் அந்தப் பாட்டில்கள். இதை மறுக்க என்னால் முடியாது. ஆனால் அந்தக் கட்டணம் போனது எங்கள் எடையிலிருந்து. பெட்டியில் ஏறிய ஒவ்வொரு ஒன்றரைக் கிலோவுக்கும் அம்மாவின் பங்கிலிருந்து அதே ஒன்றரைக் கிலோ இறங்கியது.

அம்மா ஒரு கடிதத்தில் அதை மாற்றினாள். அப்பாயியைச் சொல்லவிடாமல், தானே என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலேயே எழுதச் சொன்னாள்: “இந்தத் தடவை அந்தச் சாமான் எதுவும் வேண்டாம். அந்த எடைக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்கி வாருங்கள்.” அப்பா வாங்கி வந்தார். நேஷனல் ரைஸ் குக்கர். அட்டைப் பெட்டியோடு கைத்தராசில் மாட்டிப் பார்த்தேன். இரண்டு பாட்டில் எடைதான் இருந்தது. ஊருக்குக் கோபம் வந்தது. தங்கையின் காதுகுத்துக்கு ஒருவர் வரவில்லை, ஒருவர் வந்து மொய் எழுதாமல் போனார். பெரிய மாமா மட்டும் குக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அடுப்பு ஊதாம சோறு வேகுமா? நல்லதுதான்” என்று சொல்லி, அதில் வெந்த சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த அறுவடைக்குள் எல்லாரும் பழையபடி வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாட்டில் இல்லாமலும் உறவு நின்றது.

இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் திருச்சியிலேயே இறங்குகிறார்கள். டாஸ்மாக் கடை பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. ஆனாலும் கேட்பது நிற்கவில்லை. கடிதத்துக்குப் பதில் வாட்ஸ்அப், அவ்வளவுதான். வரியில்லாமல் கொண்டுவர அனுமதி இரண்டு லிட்டர், அதற்கு மேல் கடுமையான சுங்கவரி. 2006-க்குப் பிறகு 100 மில்லிக்கு மேல் திரவம் கைப்பையில் கூடாது என்றாகிவிட்டதால், டூட்டி ஃப்ரீயில் முத்திரையிட்டுத் தருவதைத் தவிர மற்ற எல்லாம் பெட்டிக்குள்தான் போயாக வேண்டும். 24 முதல் 70 சதவீதம் வரை சாராயம் உள்ளது என்றால் ஆளுக்கு ஐந்து லிட்டர் வரை விமானத்தில் ஏற்றலாம், 70-க்கு மேல் போனால் ஏற்றவே கூடாது. கொண்டு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியும்.

கேட்கிறவர்களுக்குத்தான் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தம்பியோ மச்சானோ வெளிநாட்டிலிருந்து புறப்படுகிறார் என்று தெரிந்தால், எப்போது வருகிறாய் என்று கேளுங்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பாட்டில் கேட்காதீர்கள். அவர் இல்லை என்று சொல்லமாட்டார், வாங்கி வந்துவிடுவார். அந்த எடைக்கு அவர் வீட்டில் யாரோ ஒருவருக்கான பொருள் குறைந்திருக்கும்.